காட்டேயைக் கொன்றது சட்டமா, அரசனின் கோபமா?

ஓடர்க்கரைப் பயணி:

சென்ற சனிக்கிழமை பெர்லினில் ரயிலேறி கொஸ்ட்ஷின் வரை போய் வந்தேன். ஒன்றேகால் மணி நேரப் பயணம்தான். ஓடர் ஆற்றைத் தாண்டினால் போலந்து. ஜெர்மானியர் காலத்தில் இந்த ஊருக்கு கியூஸ்ட்ரின் என்று பெயர். 1945இல் நடந்த சண்டையில் கோட்டைக்குள் இருந்த பழைய ஊர் முழுக்கத் தரைமட்டமானது, அதன் பிறகு யாரும் திரும்பக் கட்டவில்லை. கல் பாவிய தெருக்கள் அப்படியே கிடக்கின்றன. வீட்டு வாசற்படிகளும் இருக்கின்றன. படியேறினால் வீடு கிடையாது, புல்லும் மரமும்தான். ஒரு வாசலில் மேல்படியின் நடுப்பகுதி கால் பட்டுப் பட்டுத் தேய்ந்து குழிந்திருந்தது. அதில் மழைத் தண்ணீர் நின்றிருந்தது.

நான் அங்கே போனது ஒருவனுக்காக. ஹான்ஸ் ஹெர்மன் ஃபான் காட்டே. 1704 பிப்ரவரி 28 அன்று பெர்லினில் பிறந்தவன். அப்பா, பெர்லினைத் தலைநகராகக் கொண்ட பிரஷ்ய அரசின் படையில் உயர் அதிகாரி, அம்மாவைப் பெற்ற தாத்தா வார்டென்ஸ்லேபன் ஃபீல்டு மார்ஷல். இரண்டு பக்கமும் பரம்பரைப் பிரபுக்கள். பையன் சட்டம் படித்தான், நன்றாகப் பிரெஞ்சு பேசுவான், புல்லாங்குழல் வாசிப்பான், படம் வரைவான். ஆனால் அன்றைய பிரஷ்யாவில் பிரபு வீட்டுப் பிள்ளை அரசர் கண்ணில் பட வேண்டுமானால் சீருடை போட்டாக வேண்டும். அவனும் போட்டான். ழான்தார்ம் என்ற பெயர் பெற்ற குதிரைப்படை ரெஜிமென்டில் லெப்டினன்ட் ஆனான். 1730 நவம்பர் 6 காலையில், இந்தக் கோட்டை மதிலுக்குள் அவன் தலையை வெட்டினார்கள். வயது 26.

என்ன குற்றம்? இளவரசன் ஃபிரெடெரிக் தப்பி ஓடத் திட்டம் போட்டான், இவன் உடந்தை. அந்த இளவரசன்தான் பின்னாளில் மகா ஃபிரெடெரிக் என்று பெயரெடுத்த அரசர். அப்போது வயது 18. அப்பா பிரஷ்ய அரசர் ஃபிரெடெரிக் வில்லியம், படையே உயிர் என்று இருந்தவர். மகன் புல்லாங்குழல் வாசித்தால் அடி, பிரெஞ்சுப் புத்தகம் படித்தால் அடி. 1730 ஜூனில் சாக்ஸனியில் ட்சைட்ஹைன் என்ற இடத்தில் பெரிய படை முகாம், அயல்நாட்டு விருந்தினர்களெல்லாம் வந்திருந்தார்கள். அங்கே வைத்தே மகனை அடித்திருக்கிறார். பையன் ஓடிவிடுவது என்று அங்கேயே முடிவு கட்டினான்.

ஓடவும் முடியவில்லை. ஆகஸ்டில் அப்பாவோடு தென்மேற்கு ஜெர்மனியில் பயணம் போகும்போது, ஸ்டைன்ஸ்ஃபுர்ட் என்ற கிராமத்தில் ஒரு களஞ்சியத்தில் ராத்தங்கல். விடிவதற்கு முன்னால் எழுந்து குதிரைக்காகக் காத்து நின்றவனைக் காவலுக்கு இருந்த அதிகாரிகள் தடுத்துவிட்டார்கள். அந்த நேரத்தில் காட்டே எங்கே இருந்தான்? பெர்லினில், தன் ரெஜிமென்டில். தன் இடத்தை விட்டு ஓரடி நகரவில்லை.

நகராதவனுக்கு மரண தண்டனை என்றால் அதை எனக்குக் கொலை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. வரலாறு படித்தவர்களும் படை அனுபவம் உள்ளவர்களும் இங்கே இருக்கிறீர்கள். என்ன நினைக்கிறீர்கள்?

ஓய்வுபெற்ற சுபேதார்:

தம்பி, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் "ஓரடி நகரவில்லை" என்ற இடத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. அவன் நகர முயன்றான். ஆள் சேர்க்கும் வேலை என்று சொல்லி லீவு கேட்டான், கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் போயிருப்பான். இளவரசனின் பணம், நகை, கடிதங்கள், பயணத்துக்குத் தைத்த கோட்டு எல்லாம் இவன் பொறுப்பில் இருந்தன. ஹாலந்தில் சந்திப்பது என்று ஏற்பாடு. இளவரசன் அங்கே போட்டுக்கொள்ள வேண்டிய பொய்ப்பெயர் வரைக்கும் முடிவாகியிருந்தது.

நான் 24 வருடம் படையில் இருந்தவன். சத்தியப் பிரமாணம் எடுத்த ஒரு அதிகாரிக்கு, நாட்டின் வாரிசே அயல்நாட்டுக்கு ஓடப்போகிறான் என்று தெரிகிறது. மேலதிகாரியிடம் சொல்வது கடமை. சொல்லவில்லை. எந்தப் படையிலும் இதற்குக் கோர்ட் மார்ஷல், அதாவது படை நீதிமன்ற விசாரணை, உண்டு. அவன் அரசரையே நேரடியாகக் காக்கும் ரெஜிமென்டைச் சேர்ந்தவன், அதையும் மறக்கக் கூடாது.

இன்னொன்று. அந்தக் காலத்துப் பிரஷ்யாவில் எத்தனையோ ஏழைச் சிப்பாய்கள் ஓடிப்போய்ப் பிடிபட்டார்கள். இரண்டு வரிசை ஆட்களுக்கு நடுவே நடக்கவிட்டு முதுகு கிழிய அடித்தார்கள், சிலரைத் தூக்கிலும் போட்டார்கள். அவர்களுக்காக யார் கண்ணீர் விட்டார்கள்? பிரபு மகன் என்றால் மட்டும் ஏன் நமக்குத் துடிக்கிறது?

அப்புறம் வயது. இளவரசனுக்கு 18, இவனுக்கு 26. மூத்தவன்தான் தடுத்திருக்க வேண்டும்.

ஓடர்க்கரைப் பயணி:

ஐயா, சிப்பாய்களைப் பற்றி நீங்கள் சொன்னது எனக்கு உறைத்தது. அதை நான் யோசித்துப் பார்க்கவில்லை. ஆனால் தடுக்கவில்லை என்பதை ஏற்க மாட்டேன். வேண்டாம் என்று பலமுறை சொன்னேன், நாள் தள்ளிப் பார்த்தேன் என்று விசாரணையில் சொல்லியிருக்கிறான். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னது என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் அதே விசாரணையில், இளவரசன் போயிருந்தால் நானும் பின்னாலேயே போயிருப்பேன் என்றும் ஒப்புக்கொண்டான். பொய் சொல்லித் தப்பிக்க நினைப்பவன் இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லியிருக்க மாட்டான்.

இன்னொரு விஷயம். செய்தி பெர்லினுக்கு வந்த பிறகும் அவனுக்கு ஓடிப்போக நேரம் இருந்தது. தெரிந்தவர்கள் தெருவில் பார்த்து, இன்னும் இங்கேயா இருக்கிறாய் என்று கேட்டதாகவும், கைது செய்ய வேண்டியவர்களே வேண்டுமென்று தாமதித்ததாகவும் ஃபிரெடெரிக்கின் அக்கா வில்ஹெல்மினே தன் நினைவுக்குறிப்பில் எழுதுகிறாள். இன்னொரு கூட்டாளியான கைத், வேசல் ஊரில் இருந்தவன், தகவல் கிடைத்ததும் ஹாலந்துக்கு ஓடி அங்கிருந்து இங்கிலாந்து போய்விட்டான். அவனுடைய உருவப் படத்தைத்தான் தூக்கில் மாட்ட முடிந்தது. காட்டே போகவில்லை, அகப்பட்டான்.

நிலாமுற்றம்:

ஒரு கேள்வி கேட்கலாமா? ஃபிரெடெரிக்கும் காட்டேவும் வெறும் நண்பர்கள்தானா? இணையத்தில் பல இடங்களில் காதலர்கள் என்றே எழுதியிருக்கிறார்கள். அது உண்மையானால் அப்பாவின் கோபத்துக்கு வேறு அர்த்தம் வந்துவிடுகிறதே.

மல்லிகைச்சரம்:

நிலாமுற்றம், இருந்திருக்கலாம். ஃபிரெடெரிக்கின் பிற்கால வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் அப்படி நினைக்க இடம் இருக்கிறது. ஆனால் இவர்கள் இருவருக்கும் இடையில் இன்னதுதான் இருந்தது என்று கையெழுத்தாக எதுவும் மிஞ்சவில்லை. மிஞ்சாததற்கு ஒரு காரணமும் உண்டு, அதைத்தான் சொல்ல வந்தேன்.

காட்டே பிடிபட்டதும் இளவரசனின் கடிதப் பெட்டி ரகசியமாக ராணியிடம் வந்து சேர்ந்தது. உள்ளே ராணியும் வில்ஹெல்மினேயும் எழுதிய கடிதங்கள், நூற்றுக்கணக்கில். ராணி இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஜார்ஜின் தங்கை. தன் பிள்ளைகளுக்கு இங்கிலாந்திலேயே சம்பந்தம் முடிக்க வேண்டும் என்று அரசருக்குத் தெரியாமல் என்னென்னவோ எழுதியிருந்தாள். அரசர் ஊர் திரும்புவதற்குள் தாயும் மகளும் முத்திரையை உடைத்து, கடிதங்களை எரித்து, அதற்குப் பதிலாக ஒன்றுமில்லாத கடிதங்களை ராப்பகலாக உட்கார்ந்து எழுதி, பழைய தேதிகள் போட்டுப் பெட்டியை நிரப்பினார்கள். அதற்கேற்ற காகிதம் தேடிப் பிடித்தார்களாம். எவ்வளவு எழுதியும் பெட்டி நிறையாமல் சில்லறைச் சாமான்களைப் போட்டு மூடினார்களாம். கை வலிக்க வலிக்கப் பொய்க் கடிதம் எழுதிக்கொண்டிருந்த அந்த இரண்டு பெண்களின் பயத்தை என்னால் நன்றாக நினைத்துப் பார்க்க முடிகிறது.

காட்டேவின் முகத்தைப் பற்றியும் வில்ஹெல்மினேதான் எழுதுகிறாள். அழகன் இல்லை, அம்மைத் தழும்பு, வெயிலில் கறுத்த தோல், கண்ணை மறைக்கும் கட்டைப் புருவம், பார்வையில் ஏதோ கேடு தெரிந்தது என்று. அவளுக்கு அவனைப் பிடிக்காது. முடிவு தெரிந்த பிறகு எழுதியது என்பதையும் சேர்த்துத்தான் அதைப் படிக்க வேண்டும்.

எல்லோரும் காட்டேவைப் பற்றியே பேசுகிறோம். டோரிஸ் ரிட்டரைச் சொல்லாமல் விடக் கூடாது. போட்ஸ்டாமில் தேவாலயப் பாட்டு வாத்தியாரின் மகள், வயது 16. இளவரசனோடு சேர்ந்து இசை வாசித்தாள், அவன் கொஞ்சம் பரிசு கொடுத்தான், அவ்வளவுதான். அவளைப் பிடித்து உடல் பரிசோதனை செய்தார்கள். அவள்மேல் எந்தத் தவறும் இல்லை என்று தெரிந்தது. தெரிந்த பிறகும் அப்பா வீட்டு வாசலில், அப்புறம் ஊர் மூலைக்கு மூலை நிறுத்திச் சவுக்கால் அடித்து, ஆயுளுக்கும் என்று சொல்லி ஸ்பாண்டாவ் வேலைச் சிறையில் போட்டார்கள். மூன்று வருடம் கழித்துத்தான் விட்டார்கள். சுபேதார் ஐயா, அவள் எந்தப் பிரமாணத்தை மீறினாள்?

ஓய்வுபெற்ற சுபேதார்:

அம்மா, அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் பெண்ணைப் பற்றி இன்றுதான் கேள்விப்படுகிறேன். அது சட்டமே இல்லை, வெறும் ஆத்திரம். என் வாதம் காட்டேவோடு நிற்கிறது.

கறுப்புக்கோட்டு:

தாமதமாக வருகிறேன். நான் வழக்கறிஞர், அதனால் எனக்குக் கண்ணில் படுவது கோப்பெனிக் விசாரணைதான். இந்தக் கதையில் நான் திரும்பத் திரும்பப் படிப்பதும் அதைத்தான்.

பெர்லினுக்குத் தென்கிழக்கே ஆற்றுத் தீவில் கோப்பெனிக் அரண்மனை. 1730 அக்டோபர் 25இலிருந்து 28 வரை அங்கே கோர்ட் மார்ஷல் கூடியது. தலைவர் லெப்டினன்ட் ஜெனரல் அகாட்ஸ் ஃபான் டெர் ஷூலன்புர்க், வயதானவர், போர்களைப் பார்த்தவர். அவருக்குக் கீழே 15 அதிகாரிகள்: மேஜர் ஜெனரல், கர்னல், லெப்டினன்ட் கர்னல், மேஜர், கேப்டன் என்று ஐந்து படிகள், படிக்கு மூன்று பேர். ஒவ்வொரு படியும் தனியாகக் கூடிப் பேசி ஒரு கருத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். கீழ்ப்படிக்காரர் மேல்படிக்காரர் முகத்தைப் பார்த்து மாறிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடு.

இளவரசன் விஷயத்தில் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்: இது அரசருக்கும் மகனுக்கும் உள்ள விஷயம், குடிகளான நாங்கள் வாரிசைத் தீர்ப்பிட முடியாது. காட்டே விஷயத்தில் கருத்து பிளந்தது. சிலர் மரணம் என்றார்கள், சிலர் ஆயுள் முழுக்கக் கோட்டைச் சிறை என்றார்கள். ஷூலன்புர்க் தன் வாக்கைச் சிறையின் பக்கம் போட்டார். காரணம் சுபேதார் ஐயா கவனிக்க வேண்டியது: திட்டம் நிறைவேறவில்லை. பேச்சு இருந்தது, ஏற்பாடு இருந்தது, ஓட்டம் நடக்கவில்லை. நடக்காத குற்றத்துக்கு நடந்த குற்றத்தின் தண்டனையைக் கொடுக்க முடியாது. தீர்ப்பு ஆயுள் சிறை என்றே அரசருக்குப் போனது.

அரசர் திருப்பி அனுப்பினார். நீதி சொல்லுங்கள், தூசி தட்டும் இறகால் தடவிவிட்டுப் போகாதீர்கள் என்று எழுதினார். மறுபடி கூடி வேறு தீர்ப்பு கொடுங்கள் என்பதுதான் அதன் பொருள். பிரஷ்யாவில், அந்த அரசரிடமிருந்து, கையெழுத்தாக வந்த உத்தரவு இது. 16 பேருமே அவர் சம்பளம் வாங்கும் அதிகாரிகள்.

ஷூலன்புர்க் மாற்றவில்லை. நன்றாக யோசித்துத்தான் முடிவு செய்தேன், மனசாட்சியை மீறாமல் அதை மாற்ற என்னால் இயலாது என்று பதில் எழுதினார். மற்றவர்களும் அதே தீர்ப்பில் நின்றார்கள்.

அதற்குப் பிறகு நவம்பர் 1ஆம் தேதி அரசர் தானே கையெழுத்திட்டுத் தண்டனையை மரணமாக்கினார். பழுக்கக் காய்ச்சிய இடுக்கியால் கிழித்துத் தூக்கில் போடத்தான் இவன் தகுந்தவன், குடும்பத்தை முன்னிட்டு வாளால் வெட்டச் சொல்கிறேன், உலகத்திலிருந்து நீதி போவதைவிட இவன் சாவதே மேல் என்று அதில் இருக்கிறது. உதிக்கப்போகும் சூரியனோடு சேர்ந்து சதி செய்தான் என்று ஒரு வரியும் உண்டு. உதிக்கப்போகும் சூரியன் யார்? மகன். அப்படியானால் மறையும் சூரியன் யார்? அந்த ஒரு வரியில் அரசரின் மனம் முழுக்கத் தெரிகிறது என்பேன்.

மன்றம் கொடுத்த தண்டனையை அரசர் குறைத்தால் அது கருணை, எல்லா நாட்டிலும் உண்டு. கூட்டும் அதிகாரமும் அன்றைய முறையில் அவருக்கு இருந்தது. ஆகவே பயணி சொல்லும் "கொலை" என்ற சொல்லை நான் சட்டப்படி ஏற்க மாட்டேன். ஆனால் மன்றம் இரண்டு முறை வேண்டாம் என்ற ஒன்றை அரசர் செய்தார். அது பதிவாகி நிற்கிறது.

ஓய்வுபெற்ற சுபேதார்:

வக்கீல் சார், ஓட்டம் நடக்கவில்லை என்ற காரணம் சரியான காரணம்தான். நான் அந்த மன்றத்தில் இருந்திருந்தால் எந்தப் பக்கம் எழுதியிருப்பேன் என்று நேற்று ராத்திரி வெகுநேரம் யோசித்தேன். இருந்தாலும் அரசரின் பக்கத்தையும் ஒரு வார்த்தை சொல்கிறேன். இங்கிலாந்துத் தூதர் அந்த வருடம்தான் பெர்லினில் வந்து உட்கார்ந்து கல்யாணப் பேச்சு நடத்தினார். மனைவி அந்தப் பக்கம், மகன் அந்தப் பக்கம், தன் ரெஜிமென்ட் அதிகாரியே அயல்நாட்டுத் தூதர்களோடு பேசுகிறான். தன்னைச் சுற்றிப் பெரிய சதி நடக்கிறது என்று அவர் நிஜமாகவே நம்பியிருப்பார்.

பொறையாறு வாத்தியார்:

எனக்கு இந்த இழையில் ஒரு சின்ன விஷயம் சொல்ல இருக்கிறது. காட்டே சிறு வயதில் படித்தது ஹாலே ஊரில் பிராங்கே நடத்திய பள்ளியில். அது நமக்கு வேற்றிடம் இல்லை. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த மிஷனரி சீகன்பால்கு ஹாலேயில் படித்தவர், பிராங்கேயின் மாணவர். அங்கே செய்த தமிழ் எழுத்துக்கள்தான் கப்பலேறி 1713இல் தரங்கம்பாடி அச்சகத்துக்கு வந்தன. சீகன்பால்குவின் தமிழ் இலக்கணம் 1716இல் அச்சானதும் ஹாலேயில்தான். தமிழுக்கு ஈயத்தில் எழுத்து வார்த்த அதே வளாகத்தில், கொஞ்ச காலம் தள்ளி இந்தப் பையன் பாடம் படித்திருக்கிறான்.

அதைச் சொல்லக் காரணம், அங்கே எல்லாவற்றுக்கும் மேல் பக்தியைத்தான் ஊட்டினார்கள். இளைஞனானதும் காட்டே அதையெல்லாம் விட்டு, விதியை நம்புகிறவன் என்று பெயர் வாங்கியிருந்தான். கடைசி நாட்களில் சிறுவயதுப் பாடல்கள் திரும்பி வந்துவிட்டன. பெர்லினிலிருந்து கியூஸ்ட்ரின் போகும் வழியில் கூட வந்த படைப் போதகர் ம்யூல்லரோடு சேர்ந்து பாடிக்கொண்டே போயிருக்கிறான். மேஜர் ஷாக் தலைமையில் அவனுடைய சொந்த ரெஜிமென்ட் ஆட்களே காவல். நவம்பர் 3 புறப்பட்டு 5ஆம் தேதி போய்ச் சேர்ந்தார்கள். ஷாக் தன்னால் முடிந்தவரை அவனிடம் அன்பாக நடந்துகொண்டார்.

அப்பாவுக்கு அவன் எழுதிய கடிதத்தையும் நண்பர்கள் தேடிப் படிக்க வேண்டும். இந்தத் தாள் உங்களுக்குத் தரப்போகும் துயரத்தை நினைத்தால் கண்ணீராகவே கரைந்துவிடலாம் போலிருக்கிறது என்று தொடங்குகிறான். முதுமையில் நான் ஆறுதலாக இருப்பேன் என்று நம்பியிருந்தீர்கள், என்னை வளர்க்கப் பட்ட பாட்டின் பலனை உங்கள் கண்ணில் காட்டாமல் போகிறேனே என்கிறான். 40 வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன் நான். பலனைக் காட்டாமல் போகிறேன் என்ற வரியைத் தாண்ட எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

நிலாமுற்றம்:

அப்பாவும் தாத்தாவும் அரசரிடம் கெஞ்சவில்லையா?

ஓடர்க்கரைப் பயணி:

கெஞ்சினார்கள். தாத்தா வார்டென்ஸ்லேபன் இரண்டு அரசர்களிடம் வேலை பார்த்த கிழவர், மன்னிப்புக் கேட்டு எழுதினார். அப்பாவும் எழுதினார். காட்டேவும் எழுதினான். எதற்கும் அசையவில்லை.

காலையில் நடந்ததை எழுதுகிறேன். விடியும் முன் இளவரசனை எழுப்பி, உன் நண்பன் இன்று சாகப்போகிறான், நீ ஜன்னலில் நின்று பார்க்க வேண்டும் என்றார்கள். அரசரின் உத்தரவு அப்படி. தன் பட்டத்தை விடுகிறேன், என்னைக் கொல்லுங்கள், ஆளனுப்பி அரசரிடம் கேட்கும் வரையாவது பொறுங்கள் என்று அழுதிருக்கிறான். பொறுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

காட்டே காவலர்களோடு முற்றத்துக்கு வந்தான். தொப்பியைக் கக்கத்தில் வைத்திருந்தான். ஜன்னலில் நின்ற இளவரசன் அவனைக் கண்டதும் பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டுக் கத்தினான். மன்னிக்க ஒன்றுமில்லை, இப்படி ஒரு இளவரசனுக்காகச் சாவது இனிது என்ற பொருளில் காட்டே பதில் சொன்னான். சொற்கள் ஒவ்வொருவர் குறிப்பிலும் கொஞ்சம் மாறுகின்றன, பொருள் ஒன்றுதான். தண்டனையை வாசித்தார்கள். காட்டே தன் கையாலேயே செயற்கை முடியைக் கழற்றி வெள்ளைக் குல்லாய் போட்டுக்கொண்டான், சட்டைக் கழுத்தைத் திறந்தான். கண்ணைக் கட்ட வந்தபோது வேண்டாம் என்றான். மணற்குவியலின் மேல் முழங்காலிட்டான். ஒரே வெட்டு.

ஃபிரெடெரிக் அதைப் பார்த்தானா என்பதில் வெகுநாள் சர்ச்சை உண்டு. அந்த ஜன்னலிலிருந்து மணற்குவியல் தெரிந்திருக்காது என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். வெட்டு விழும் முன்பே மயங்கி விழுந்தான் என்பதே நான் நம்புவது. கோட்டையில் அரண்மனை இருந்த இடத்தில் நின்று மதிலை நோக்கிப் பார்த்தேன். நடந்தால் இரண்டு நிமிடம் கூட ஆகாது. பேச்சுக் குரல் நிச்சயம் கேட்கும்.

உடலை மதியம் 2 மணி வரை அப்படியே விட வேண்டும் என்பது அரசரின் இன்னொரு உத்தரவு. மயக்கம் தெளிந்த பையன் ஜன்னலுக்கு வந்து வந்து பார்த்திருக்கிறான். கறுப்புத் துணி போர்த்தியிருந்தது.

ஓய்வுபெற்ற சுபேதார்:

தம்பி, தண்டனை கொடுப்பது வேறு. நண்பனைப் பார்க்க வைப்பதும், உடலை வெயிலில் போட்டு வைப்பதும் தண்டனை இல்லை. ரெஜிமென்டில் ஒரு ஆள் செத்தால், அவன் குற்றவாளியாகவே இருந்தாலும், உடலுக்கு மரியாதை உண்டு. இந்த இடத்தில் அந்த அரசரை என்னால் தாங்கிப் பேச முடியவில்லை. காட்டே குற்றவாளிதான் என்பதை இப்போதும் சொல்வேன். ஷூலன்புர்க் கொடுத்த தண்டனையே சரியான தண்டனை.

கறுப்புக்கோட்டு:

ஐயா, இதைவிட நேர்மையாக ஒருவர் நிலையைச் சொல்ல முடியாது.

பின்கதை கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு மனதை மிகவும் உறுத்துவது அதுதான். 1740இல் அப்பா இறந்து ஃபிரெடெரிக் அரசரானார். வந்த சில நாட்களிலேயே விசாரணையில் சித்திரவதையைப் பெரும்பாலும் நிறுத்தினார். காட்டேவின் அப்பாவை ஃபீல்டு மார்ஷல் ஆக்கி, கவுன்ட் பட்டமும் கொடுத்தார். ஓடிப்போன கைத் திரும்பி வந்தார், லெப்டினன்ட் கர்னல் பதவி கிடைத்தது.

ஆனால் 1779க்கு வாருங்கள். ஆர்னால்டு என்ற மாவு மில்காரர், மேலே ஒரு பிரபு குளம் வெட்டியதால் என் மில்லுக்குத் தண்ணீர் வரவில்லை, குத்தகை கட்ட முடியவில்லை என்றார். கோர்ட் அவருக்கு எதிராகத் தீர்த்தது. எந்த ஊர்க் கோர்ட் தெரியுமா? கியூஸ்ட்ரின். மேல்முறையீட்டில் பெர்லின் கோர்ட்டும் அதையே சொன்னது. ஏழைக்கு அநீதி செய்துவிட்டார்கள் என்று கொதித்த ஃபிரெடெரிக், நீதிபதிகளைச் சிறையில் அடைத்தார். அவர்களுக்குத் தண்டனை எழுதும்படி அமைச்சர் செட்லிட்ஸுக்கு உத்தரவு போட்டார். இவர்கள் மேல் தவறில்லை, குற்றவாளி என்று என்னால் தீர்ப்பு எழுத முடியாது என்று செட்லிட்ஸ் எழுத்தில் மறுத்துவிட்டார். அரசர் தானே தண்டனையை எழுதினார்.

49 வருடம் இடைவெளி. அதே கியூஸ்ட்ரின். அரசர் தீர்ப்பை மாற்றச் சொல்கிறார், ஒருவர் முடியாது என்கிறார், அரசர் தானே எழுதிக்கொள்கிறார். ஜன்னலில் நின்று அழுத பையன்தான் இப்போது உத்தரவு போடுபவர். ஏழைக்காகச் செய்தார் என்பது உண்மை. அவருடைய அப்பாவும் நீதிக்காகச் செய்கிறேன் என்றுதான் எழுதினார். ஃபிரெடெரிக் இறந்த பிறகுதான் அந்த நீதிபதிகள் மேல் இருந்த களங்கம் துடைக்கப்பட்டது.

மல்லிகைச்சரம்:

இதை நான் கேள்விப்பட்டதே இல்லை. ஷூலன்புர்க்குக்கு என்ன ஆனது? அரசர் பழி வாங்கினாரா?

கறுப்புக்கோட்டு:

இல்லை. அவரைத் தொடவில்லை. அடுத்த ஆண்டே, 1731இல், கிழவர் இயற்கையாக இறந்துபோனார்.

பொறையாறு வாத்தியார்:

பயணி அவர்களே, காட்டேவின் உடல் கியூஸ்ட்ரினிலேயே இருக்கிறதா?

ஓடர்க்கரைப் பயணி:

இல்லை சார். முதலில் அங்கேதான் புதைத்தார்கள். பிறகு குடும்பத்தார் அனுமதி வாங்கி, எல்பே ஆற்றுக்குக் கிழக்கே வூஸ்ட் என்ற தங்கள் கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள். பிஸ்மார்க் பிறந்த ஷான்ஹவுசன் அதற்குப் பக்கம்தான். ஊர்த் தேவாலயத்தோடு ஒட்டிக் காட்டே குடும்பத்தின் கல்லறை அறை இருக்கிறது. ஃபீல்டு மார்ஷல் அப்பாவும் அங்கேதான். மகனுடையது சாதாரண மரப்பெட்டி.

அடுத்த மாதம் போகலாம் என்றிருக்கிறேன். ரயிலிறங்கி உள்ளூர் பஸ் பிடிக்க வேண்டும். தேவாலயம் எப்போது திறந்திருக்கும் என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற சுபேதார்:

போனால் படம் எடுத்து இங்கே போடுங்கள் தம்பி. அப்பாவின் பெட்டியும் மகனின் பெட்டியும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும்.